பொன்முடிக்காரர் ஓட்டு யார் கணக்கில்?

நான் இருக்கும் நியூ ஜெர்சியில், பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகளுக்குச் சில சமயம் இப்படி ஒரு வீட்டுப்பாடம் வரும். உங்கள் தொகுதி உறுப்பினர் மாநில சட்டசபையில் எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று பார்த்து எழுதி வா என்பார்கள். பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு மசோதாவுக்கும் கீழே உறுப்பினர் பெயரும், ஆம் அல்லது இல்லை என்பதும் வரிசையாக இருக்கும். நான் வங்கிக்காரன், பி.காம். படித்தவன். எனக்கு அது பேரேட்டுப் பக்கம் மாதிரிதான் தெரியும். பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு, யார் பெயரில் என்று மறைக்காமல் எழுதிய பக்கம்.

அடுத்து பிள்ளை கேட்கும்: "அப்பா, நம்ம ஊர் எம்.எல்.ஏ. எப்படி ஓட்டுப் போட்டார்?" இதற்குப் பதில் சொல்வது சுலபமில்லை. ஏன் சுலபமில்லை என்பதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் நம் தமிழர்கள், அதிலும் திருவிதாங்கூர்த் தமிழர்கள், மூன்று நான்கு வருடம் பெரிய பங்கு வகித்தார்கள். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கணக்குப் பார்க்கப் பொன்முடி மலையை எடுத்துக்கொள்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

பொன்முடி எங்கே இருக்கிறது?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகச் சுமார் 55, 60 கிலோமீட்டர். கல்லாறு தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சுமார் 1,100 மீட்டர் உயரம், எப்போதும் மூடுபனி. எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது பக்கத்து வீட்டு மலை. கல்லூரிச் சுற்றுலா, கல்யாணமான புதிதில் ஒரு பயணம் என்று பலரும் போய் வந்திருப்பீர்கள்.

போனவர்கள் வழியில் தேயிலைத் தோட்டங்களையும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட எஸ்டேட்டுகள். பக்கத்தில் போணக்காடு என்று இன்னொரு எஸ்டேட், அது நொடித்துப் போய் ஃபாக்டரி பாழடைந்து கிடக்கிறது. இந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். கிழக்கே தமிழ்ச் சீமையிலிருந்து கங்காணி கூட்டி வந்த குடும்பங்களின் பேரன் பேத்திகள். லயத்து வாசலில் இன்றும் தமிழ் கேட்கும்.

இவர்கள் சார்பில் சட்டசபையில் யார், எப்போது, எப்படி ஓட்டுப் போட்டார்கள்? என் கேள்வி இவ்வளவுதான்.

முதலில் ஓட்டு எப்படி நடக்கிறது?

நம் சட்டசபைகளில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறும். சபாநாயகர் கேட்பார், "ஆம்" என்று ஒரு சத்தம் வரும், "இல்லை" என்று ஒரு சத்தம் வரும், முடிந்தது. யார் என்ன சொன்னார் என்று பெயர் பெயராகப் பதிவு கிடையாது. உறுப்பினர்கள் வற்புறுத்திக் கேட்டால்தான் டிவிஷன், அதாவது தலை எண்ணி, பெயர் குறித்து ஓட்டு.

1985-ல் வந்த 52-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இன்னொரு பூட்டும் போட்டது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்வது அதைத்தான். கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால், பதவி பறிபோகலாம். ஆயாராம் கயாராம் கூத்தை நிறுத்தத்தான் இந்தச் சட்டம் வந்தது. நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் பக்க விளைவு என்ன? எம்.எல்.ஏ.வின் ஓட்டு கட்சியின் ஓட்டாகிவிட்டது. உங்கள் எம்.எல்.ஏ. எப்படி ஓட்டுப் போட்டார் என்று தெரிய அவர் கட்சிப் பெயர் தெரிந்தால் போதும்.

1985-க்கு முன்னால் அப்படி இல்லை. ஒரு சின்னக் கட்சி கையை உயர்த்தினால் மந்திரிசபை நிற்கும், இறக்கினால் விழும். அதை நடத்திக் காட்டியவர்கள் நம்மவர்கள்.

எட்டும் பன்னிரண்டும்

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. அதன் தென்கோடியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு. கிழக்கே செங்கோட்டை. வடகிழக்கு மலையில் தேவிகுளம், பீருமேடு. இங்கெல்லாம் தமிழர்கள். இவர்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராடியது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அதன் பெரிய தலைவர் வக்கீல் ஏ. நேசமணி. குமரி மாவட்டத்தில் "மார்ஷல் நேசமணி" என்றால்தான் தெரியும்.

1952 தேர்தலில் திரு-கொச்சி சட்டசபைக்கு 108 இடங்கள். காங்கிரசுக்கு 44. தமிழ்நாடு காங்கிரசுக்கு 8. ஏ.ஜே. ஜான் தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தபோது இந்த எட்டுப் பேர் ஆதரவும் அதைத் தாங்கியது. இவர்கள் தரப்பில் சிதம்பரநாதன் நாடார் அமைச்சரானார். 44-ஐயும் 8-ஐயும் கூட்டினால் 52. பாதிக்கே இரண்டு குறைவு. மிச்சத்துக்குச் சில்லறை ஆதரவுகள். அப்படிப்பட்ட இடத்தில் எட்டு என்பது எவ்வளவு பெரிய எண் என்று பாருங்கள்.

தமிழ்த் தாலுகாக்கள் விஷயத்தில் காங்கிரஸ் இறங்கி வரவில்லை. தமிழ்நாடு காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொண்டது. 1953 செப்டம்பரில் ஜான் நம்பிக்கை ஓட்டுக் கேட்டார், தோற்றார். சட்டசபை கலைந்தது.

1954 தேர்தலில் 117 இடங்கள். காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் 23, பிரஜா சோஷலிஸ்ட் 19, தமிழ்நாடு காங்கிரஸ் 12. எட்டு இப்போது பன்னிரண்டு. ஆனால் இந்த முறை காங்கிரஸ் வேறு கணக்குப் போட்டது. 19 பேரே உள்ள பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளையை முதலமைச்சராக்கி, வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தது. 45-ம் 19-ம் 64. தமிழர்களின் பன்னிரண்டு இல்லாமலே பெரும்பான்மை வந்துவிட்டது.

சபைக்குள் கதவு சாத்தியதும் போராட்டம் தெருவுக்கு வந்தது. 1954 ஜூலையில் தடையை மீறி மூணாறு போன நேசமணியும் அவருடைய தோழர்களும் கைதானார்கள். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. அந்தத் தியாகிகளின் பெயரை இன்றும் எங்கள் ஊர்ப் பக்கம் மறப்பதில்லை. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, தன் கட்சி மந்திரிசபையே பதவி விலக வேண்டும் என்றார். கட்சி கேட்கவில்லை.

1955 பிப்ரவரியில் காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொண்டது. பட்டம் மந்திரிசபை விழுந்தது. அதை விழவைத்தவர்களில் தமிழ்நாடு காங்கிரசும் உண்டு. பின்னால் பனம்பிள்ளி கோவிந்த மேனன் தலைமையில் வந்த காங்கிரஸ் மந்திரிசபை, இதே தமிழர்களின் ஆதரவோடு நின்றது. 45-ம் 12-ம் 57, மேலே சிலர். 1956 மார்ச்சில் காங்கிரசிலிருந்து ஆறு பேர் விலக, அதுவும் கவிழ்ந்தது. தமிழ்த் தாலுகா விவகாரமும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். அப்புறம் குடியரசுத் தலைவர் ஆட்சி.

நான்கு வருடத்தில் மூன்று மந்திரிசபைகள். மூன்றிலும் தமிழர் ஓட்டு கொடுத்ததும் எடுத்ததும் கணக்கில் இருக்கிறது. கொறடாவுக்குப் பயந்து போட்ட ஓட்டு இல்லை. தொகுதி என்ன கேட்டதோ அதற்காகப் போட்ட ஓட்டு. பிள்ளை கேட்ட கேள்விக்கு இந்தக் காலத்துக்கு மட்டும் நான் நிமிர்ந்து பதில் சொல்வேன்.

எல்லையை யார் கீறினார்கள்?

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மாநில எல்லையை மாற்றும் அதிகாரம் சட்டசபைக்குக் கிடையாது. அரசியல் சட்டத்தின் 3-ஆவது பிரிவின்படி அது பாராளுமன்றத்தின் வேலை. சட்டசபை அபிப்பிராயம் சொல்லலாம், அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டு பேர் மந்திரிசபையைக் கவிழ்க்க முடிந்தது, எல்லைக்கல்லை நகர்த்த முடியாது. எங்கள் கோரிக்கையைப் புறக்கணித்து இங்கே ஆட்சி நடத்த முடியாது என்று டெல்லிக்குக் காட்ட முடிந்தது. அதுவே பெரிய காரியம்.

ஃபசல் அலி, ஹெச்.என். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகிய மூவர் கொண்ட மாநிலச் சீரமைப்புக் கமிஷன் 1955 செப்டம்பர் 30-ல் அறிக்கை கொடுத்தது. தெற்கே நான்கு தாலுகாவும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்துக்கு. 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாவும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. செங்கோட்டையில் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்துக்குப் போனது. மலையாளிகள் பக்கம் பார்த்தால் நாஞ்சில் நாட்டு நெல்லும் பேச்சிப்பாறை அணையும் போன வருத்தம். அதுவும் நியாயமான வருத்தமே.

தேவிகுளத்தில் தமிழர் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளி வந்து போகிறவன், நிலையாகக் குடியிருப்பவன் இல்லை என்ற வாதம் எடைபோட்டது. இந்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வரும்.

பொன்முடி? தமிழர்கள் கேட்ட தாலுகாக்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் ஒன்பதில் நெடுமங்காடு இல்லை. தோவாளை முதல் நெய்யாற்றின்கரை வரை தெற்கே ஐந்து, செங்கோட்டை, தேவிகுளம், பீருமேடு, சித்தூர். பொன்முடி லயத்துத் தமிழர் கேட்கப்படவும் இல்லை, மறுக்கப்படவும் இல்லை. அவர்கள் பெயரில் கணக்கே திறக்கவில்லை.

நம் வரவு, அவர்கள் பற்று

இனி சொல்வது எங்கள் ஊர்க்காரர்களில் சிலருக்குக் கசக்கலாம்.

1956-க்கு முன் திருவனந்தபுரம் சட்டசபையில் தமிழர் பன்னிரண்டு பேர் ஒரு கட்சியாக உட்கார்ந்திருந்தார்கள். நவம்பர் 1-க்குப் பிறகு அந்தப் பலம் கேரளத்தில் இல்லை. தெற்குத் தாலுகாத் தொகுதிகள் எல்லை தாண்டிவிட்டன. நாங்கள் எங்கள் ஓட்டை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். அதில் தப்பென்று சொல்ல மாட்டேன். உயிர் கொடுத்து வாங்கியது. ஆனால் பேரேட்டில் ஒரு பக்கம் வரவு எழுதினால் மறுபக்கம் பற்று எழுதியாக வேண்டும். அந்தப் பற்று விழுந்தது பொன்முடி, போணக்காடு, மூணாறு, பீருமேடு லயங்களில் இருந்தவர்கள் தலையில். ஒரு மந்திரிசபையைப் பயமுறுத்தும் எண்ணிக்கை அவர்களுக்கு அதன் பிறகு வாய்க்கவில்லை.

தோட்டத் தமிழர் ஓட்டு என்றதும் இலங்கை நண்பர்களுக்கு வேறொரு வருடம் ஞாபகம் வரும். 1948. அந்த ஆகஸ்டில் வந்த குடியுரிமை மசோதாவை ஜி.ஜி. பொன்னம்பலம் எதிர்த்து ஓட்டுப் போட்டார். பிறகு டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அடுத்து வந்த இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் மசோதாவை ஆதரித்தார். செல்வநாயகம் எதிர்த்தார். மலையகத் தமிழர் ஓட்டுரிமை போனது. 1947-ல் உறுப்பினர்களை அனுப்பிய சிலோன் இந்தியன் காங்கிரசுக்கு 1952 தேர்தலில் ஒரு இடமும் இல்லை. யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது பெயரோடு பதிவாகி இருப்பதால் எழுபது வருடம் கடந்தும் டொராண்டோவிலும் லண்டனிலும் அதை விவாதிக்கிறார்கள். பதிவு இருந்தால் பொறுப்பு இருக்கும்.

கேரளத் தோட்டத் தமிழருக்கு ஓட்டுரிமை போகவில்லை. அது பெரிய வித்தியாசம். 1957-ல் 126 இடங்கள் கொண்ட சபையில் ஈ.எம்.எஸ். மந்திரிசபை 60 கம்யூனிஸ்டுகளையும் ஐந்து சுயேச்சைகளையும் வைத்துத்தான் நின்றது. அந்த நிலையில் தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்றாகி, 1958-ல் இடைத்தேர்தல். மலையேறிப் பாடி ஓட்டுக் கேட்டவர் பாவலர் வரதராஜன். அந்தக் குழுவில் ஒரு பையன் பின்னாளில் இளையராஜா ஆனான். ரோசம்மா மறுபடி ஜெயித்தார். தமிழ்த் தொழிலாளி ஓட்டு ஒரு மந்திரிசபைக்குத் தெம்பு கொடுத்தது.

கிடைத்தது என்ன? அந்தச் சபை 1959-ல் நிறைவேற்றிய விவசாய உறவு மசோதாவிலும், பின்னால் வந்த 1963 நிலச் சீர்திருத்தச் சட்டத்திலும் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு. குத்தகைக்காரருக்கு நிலம் கிடைத்தது, கேரளமே மாறியது. அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் லயத்து அறை கம்பெனியின் அறையாகவே இருந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. தோட்டத்தைத் துண்டு போட்டால் தொழில் படுத்துவிடும் என்பது விலக்குக்குச் சொன்ன காரணம். அதில் உண்மை இருக்கலாம். போணக்காட்டில் துண்டு போடாமலே படுத்துவிட்டது.

2007-ல் பொன்முடியில் தேயிலைத் தோட்ட நிலம் விண்வெளிக் கல்லூரிக்காகக் கைமாறியதை ஒட்டிக் கேரளத்தில் பெரிய சர்ச்சை வந்தது. அது காடா, தோட்டமா, விற்கலாமா என்று வாதம் போனது. கடைசியில் கல்லூரி நெடுமங்காடு பக்கம் வலியமலையில் வந்தது. காட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது, நிலத்துக்குப் பத்திரம் இருந்தது. லயத்துக்காரனுக்கு அந்த வழக்கில் காட்ட ஒரு காகிதமும் இல்லை.

மொழிக்கும் ஓட்டு நடந்தது. 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிலேயே கடிதம் எழுதலாம் என்றது. நல்ல சட்டம். 2017-ல் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் வந்தது. காசர்கோட்டுக் கன்னடர்கள் குரல் கொடுத்தார்கள். அவர்கள் ஒரு மூலையில் கூட்டமாக இருப்பதால் சத்தம் வெளியே கேட்டது. பொன்முடி கிடப்பது பெரிங்கம்மலா பஞ்சாயத்தில், வாமனபுரம் தொகுதியின் ஓரத்தில். அங்கே எந்தக் கட்சிக்கும் தமிழ் ஓட்டை எண்ண வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒரு ஓட்டின் விலை 500 ரூபாய்

2021-ல் தேவிகுளத்தில் ஜெயித்த ஏ. ராஜா சட்டசபையில் தமிழில் பதவி ஏற்றார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் வாசித்த உறுதிமொழியில் வாசகம் குறைந்திருந்தது. மறுபடி ஏற்க வேண்டி வந்தது. இடையில் சபாநாயகர் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டுவிட்டார். முறையாகப் பதவி ஏற்காமல் சபையில் உட்கார்ந்தாலோ ஓட்டுப் போட்டாலோ நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்கிறது அரசியல் சட்டத்தின் 193-ஆவது பிரிவு. அந்த அபராதம் விதிக்கப்பட்டது.

அதைவிடப் பெரிய வழக்கு பின்னால் வந்தது. தேவிகுளம் தனித்தொகுதி. ராஜா கேரளத்துப் பட்டியல் சாதியில் சேர்ந்தவரா என்ற கேள்வி. மதம் பற்றி ஒரு வாதம். இன்னொன்று, அவர் குடும்பம் 1950 ஆணைக்கு முன்பே இந்த மண்ணில் குடியிருந்ததா, பின்னால் வந்ததா என்ற வாதம். 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அவர் தேர்வு செல்லும் என்றது.

கவனித்தீர்களா? 1955-ல் தொழிலாளியைப் பார்த்து நீ நிலையானவனா என்று கேட்டார்கள். 2023-லும் அவன் பேரனிடம், உன் தாத்தா எப்போது வந்தார், சீட்டு இருக்கிறதா என்று கேட்க முடிந்தது. எஸ்டேட் ரிஜிஸ்டரில் பேர் இருந்தால் பிழைத்தான். கடல் தாண்டி வந்து, விசா ஸ்டாம்புக்கும் கிரீன் கார்டுக்கும் காகிதம் சேர்த்து வைத்திருக்கும் நமக்கு இந்தக் கேள்வியின் கூர்மை தெரியாதா?

கடைசியாக என் அபிப்பிராயம். கொறடா இருக்கட்டும், ஆட்சி நிலைக்க அது வேண்டியிருக்கிறது. ஆனால் மந்திரிசபையின் உயிரோடு சம்பந்தப்படாத மசோதாக்களுக்காவது உறுப்பினரை அவர் மனப்படி ஓட்டுப் போட விட வேண்டும். நிலம், மொழி, காடு, கூலி என்று வரும்போது குரல் வாக்கெடுப்பு போதாது, பெயர் குறித்து டிவிஷன் நடக்க வேண்டும். தொகுதியில் பெரும்பான்மைக்காரனுக்கு இது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவன் தலைக்கணக்கே அவனுக்குக் காவல். தொகுதிக்கு நூறு வீடு, இருநூறு வீடு என்று சிதறிக் கிடப்பவனுக்கு எம்.எல்.ஏ.வின் சட்டையைப் பிடித்துக் கேட்க வேறு பிடி இல்லை. அவனுக்குத்தான் அந்தப் பேரேட்டுப் பக்கம் ரொம்பத் தேவை.